விறகு தீர்ந்த இடத்தில் பிறந்த அடுப்பு

மலையேறிக் கூடாரம் அடித்துத் தங்குவோரிடையே ஒரு பழைய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. கேஸ் அடுப்பு, பேட்டரி விளக்கு, சோலார் தகடு, போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி என்று மூட்டையை நிரப்பிக்கொண்டு கிளம்புவது ஒரு கட்சி. நாலு சுள்ளியும் ஒரு தீப்பெட்டியும் போதும், அதுதான் முன்னோர் வழி என்பது மறு கட்சி. முன்னவர் வசதியைப் பேசுகிறார்கள், பின்னவர் எளிமையைப் பேசுகிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. நெருப்பு எளியது, பழையது. கருவி சிக்கலானது, புதியது என்பதை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் வாதாடவே உட்காருகிறார்கள். பொழுதுபோக்காகக் காட்டில் தங்கும் பழக்கத்துக்கு ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்த்தால் முதலில் ஆட்டம் காண்பது இந்தப் பொதுக்கருத்துதான். முகாம் நெருப்பு எளிமையாகத் தெரிந்ததற்குக் காரணம், தீராத விறகும் அதை வெட்டிச் சுமக்க இன்னொருவர் தோளும் பின்னால் இருந்ததே. இரண்டும் இல்லாத இடங்களில் அடுப்பு பிறந்தது. ஆகவே இதை மரபுக்கும் நவீனத்துக்கும் நடந்த சண்டையாகப் பார்ப்பதைவிட, எரிபொருளுக்கும் உழைப்புக்கும் யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்காகப் பார்ப்பது பொருத்தம்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். வயலில் கிடை போடும் கீதாரியும், இரவில் வண்டியை அவிழ்த்துவிட்டுச் சோறு பொங்கிய வண்டிக்காரரும், காட்டையே வீடாகக் கொண்டவர்களும் மூட்டிய நெருப்பு ஒரு வகை. மூன்று கல், ஒரு பானை, அதன் அடிக்கு மட்டும் எட்டுகிற அளவு தீ, வேலை முடிந்ததும் கொள்ளியை இழுத்து அணைத்துவிடும் சிக்கனம். விறகு பொறுக்குவது தன் வீட்டு வேலை என்பதால் அது வீணாவதன் வலி மூட்டியவருக்கே தெரியும். சுற்றுலாக்காரர் மூட்டும் நெருப்பு வேறு வகை. இரவு முழுதும் எரிய வேண்டும், எல்லோரும் சுற்றி உட்கார வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் அழகாக இருக்க வேண்டும். முதல் வகையின் பெயரால் இரண்டாவது வகை தன்னை மரபு என்று சொல்லிக்கொள்கிறது. இந்த ஆள்மாறாட்டம் எப்போது தொடங்கியது என்பதற்கு ஓரளவு துல்லியமான காலமும் இடமும் உண்டு.

1869இல் பாஸ்டன் நகரத்துப் பாதிரியார் வில்லியம் ஹென்றி ஹாரிசன் மரே, நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைக்காடுகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நகரத்துப் புழுக்கத்தில் நைந்துபோன உடம்புக்கு ஏரிக்கரைக் கூடாரமும் பைன் மரக் காற்றும் மருந்து என்பது அதன் சாரம். அடுத்த கோடையிலேயே ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிப் போய் இறங்கினார்கள். தங்க இடமின்றி, கொசுக்கடி தாளாமல் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்துப் பத்திரிகைகள் ‘மரேயின் முட்டாள்கள்’ என்று பெயர் சூட்டின. கேலியை விட்டுவிட்டு அந்த நூலின் நடைமுறைக் குறிப்புகளைக் கவனித்தால் ஒரு செய்தி தட்டுப்படும். நல்ல வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை டாலர் கூலி என்று மரே கணக்குக் கொடுக்கிறார். படகைத் துடுப்பிட்டதும், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே அதைத் தலையில் கவிழ்த்துச் சுமந்ததும், மரத்தை வெட்டிச் சாய்ப்புக் குடிசை கட்டியதும், மான்கறியை வறுத்ததும், இரவுக்கான கட்டைகளை அடுக்கித் தீ மூட்டியதும் அந்தக் கூலியாள்தான். பாஸ்டன் கனவான் செய்தது அதன் எதிரே உட்கார்ந்து மனம் உருகியது. அவருக்கு அந்த நெருப்பு எளிமையாகத்தான் இருந்திருக்கும்.

இதை உள்ளிருந்தே கண்டுகொண்ட ஒருவரும் இருந்தார். பென்சில்வேனியாவின் வெல்ஸ்பரோ ஊரில் செருப்புத் தைத்துப் பிழைத்த ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதியவர். ஐம்பது கிலோவைக்கூட எட்டாத மெலிந்த தேகம், காசநோய் வேறு. வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வழியில்லாததால் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டிய நிலை. அதனால் ரஷ்டன் என்ற படகுத் தச்சரிடம் சொல்லி, ஐந்து கிலோவுக்கும் குறைந்த எடையில் ஒரு சிறு படகு செய்துகொண்டார். 1884இல் வந்த அவருடைய காட்டுவாழ்க்கைக் கையேட்டில் நெருப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பெருங்கட்டைகளை மலைபோலக் குவித்துக் கொளுத்திவிட்டு, கிட்டே நெருங்கவும் முடியாமல், பானையை இறக்கவும் முடியாமல் திண்டாடும் நகரத்தாரை அதில் அவர் சிரிக்கச் சிரிக்க வர்ணிக்கிறார். சமையலுக்குச் சிறு தீ, குளிர்காய்வதற்கு வேறு தீ என்பது அவர் கட்சி. நெருப்பின் மேல் அவரைவிடக் காதல் கொண்டவர் அரிது. ஆயினும் கட்டையைத் தானே வெட்ட வேண்டியிருந்ததால் அவர் தீ சிறுத்துவிட்டது. கருவிகளிலும் அவர் பார்வை எடையின் மேலேயே இருந்தது. இன்று டைட்டானியம் கரண்டி வாங்கி எத்தனை கிராம் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கும், சுள்ளி பொறுக்கிச் சமைப்பதே தவம் என்பவர்களுக்கும் இந்தச் செருப்புத் தொழிலாளியே பொதுப் பாட்டனார். இந்த உறவு தெரியாமல்தான் இரு கட்சியும் அடித்துக்கொள்கின்றன.

அடுப்பின் கதை காட்டில் தொடங்கவில்லை. 1892இல் ஸ்டாக்ஹோமில் மெக்கானிக்காக வேலை பார்த்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட், உலோகப் பற்றவைப்புக்குப் பயன்படும் ஊதுவிளக்கின் நுட்பத்தைச் சமையலுக்குத் திருப்பி, திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்பைச் செய்தார். அதுதான் பிரைமஸ். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பம்ப் ஸ்டவ் என்ற பெயரில் பல பத்தாண்டு காலம் இரைந்துகொண்டிருந்ததும் அதன் வாரிசுகளே. வட்டமான பித்தளைத் தொட்டி, அதன் மேல் கழுத்து, கழுத்தைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்துப் பர்னரைச் சூடேற்ற வேண்டும். ஸ்பிரிட் அணையும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி நாலு தரம் பம்ப் அடித்தால், மேலேறும் எண்ணெய் சூட்டில் ஆவியாகி, ஊசித்துளை வழியே சீறி வெளிப்பட்டு நீல நிறத்தில் எரியும். துளை அடைத்தால் குத்தி எடுக்க, மெல்லிய தகட்டின் நுனியில் ஒரு கம்பி வைத்த ஸ்டவ் பின். பம்பின் தோல் வாஷர் காய்ந்துவிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். திரி அடுப்பின் புகையும் கரியும் இல்லாமல் நகரத்து வீடுகளுக்குச் சூடு தருவதே இதன் முதல் நோக்கம். இது துருவத்துக்கும் எவரெஸ்டுக்கும் போனது, அங்கெல்லாம் விறகே கிடையாது என்ற ஒரே காரணத்தால்.

நார்வேக்காரரான ஃபிரிட்யோஃப் நான்சென் 1895 மார்ச்சில் தன் கப்பலை விட்டிறங்கி, யோஹான்சென் என்ற ஒரே துணையுடன் நாய்ச் சறுக்குவண்டியில் வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டபோது, ஒரு பிரைமஸைக் கொண்டுபோனார். அதற்கென அவர் வடிவமைத்த பாத்திரம் இன்னொரு நுட்பம். நடுவில் சமைக்கும் பானை, அதைச் சுற்றி வளையமாக ஒரு பாத்திரம், மேலே இன்னொன்று. நடுப்பானையைத் தாண்டி வீணாகப் போகும் சூடு மற்ற இரண்டிலும் பனியை உருக்கும். துருவத்தில் தண்ணீரைக் கூடக் காய்ச்சித்தான் குடித்தாக வேண்டும் என்பதால் இது ஆடம்பரம் ஆகாது. உருகும் நிலையிலுள்ள ஒரு கிலோ பனியைக் கொதிநீராக்க ஏறத்தாழ 750 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பாதி வெப்பம் வீணானாலும் 35 கிராம் மண்ணெண்ணெயில் அது முடிந்துவிடும். திறந்த விறகுத் தீயில் பெரும்பகுதி வெப்பம் காற்றோடு போய்விடுவதால், அதே வேலைக்கு அரைக்கிலோவை நெருங்கும் விறகு வேண்டும். பல வாரப் பயணத்துக்கு அதை யார் இழுப்பது?

துருவத்தை எட்டாமல் திரும்பிய அவ்விருவரும் 1895–96 குளிர்காலத்தை ஃபிரான்ஸ் ஜோசப் தீவுகளில் ஒரு கற்குழிக் குடிலில் கழித்தார்கள். வால்ரஸ் கொழுப்பை எரித்துத்தான் விளக்கும் சமையலும். 1896 ஜூனில் ஆங்கிலேயப் பயணி ஜாக்சன் அவர்களை எதிர்கொண்டபோது, உடையும் முகமும் எண்ணெயும் கரியுமாக, நான்சென்னை அடையாளம் காணவே அவருக்குச் சற்று நேரமாயிற்று. கருவியில்லாத எளிய நெருப்பு என்று யாராவது பாடினால், அந்தக் கொழுப்புப் புகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதேபோல, கருவிதான் காப்பாற்றும் என்பவர்களுக்கும் துருவம் ஒரு பாடம் வைத்திருக்கிறது. தென்துருவப் போட்டியில் இங்கிலாந்தின் ஸ்காட், நார்வேயின் அமுண்ட்சென் இருவரிடமும் பிரைமஸ் இருந்தது. அமுண்ட்சென் எண்ணெய் டின்களின் வாயை ஈயம் வைத்து அடைத்தார். ஸ்காட்டின் டின்களில் திருகுமூடியும் தோல் வாஷரும். கடுங்குளிரில் அந்த வாஷர் கெட்டுப்போய், வழியில் புதைத்துவைத்த கிடங்குகளில் எண்ணெய் குறைந்திருந்தது. 1912 மார்ச்சில் ஸ்காட்டும் இரு தோழர்களும் இறந்து கிடந்த கூடாரம் அடுத்த பெரிய கிடங்கிலிருந்து 11 மைல் தொலைவில் இருந்தது. அவர்கள் மரணத்துக்குப் பசி, புயல், சுகவீனம் என்று காரணங்கள் பல. எண்ணெய்க் குறைவும் அவற்றில் ஒன்று. ஒரு கருவி அதன் மிக மலிவான உறுப்பின் அளவுக்குத்தான் நம்பகமானது.

விறகு அற்றுப்போவதற்குப் பனிப்பாலைதான் வேண்டும் என்பதில்லை. வேலி போட்ட நாடும் போதும். இங்கிலாந்தில் முகாம் வாழ்க்கையைப் பரப்பிய தாமஸ் ஹைராம் ஹோல்டிங் ஒரு தையற்காரர். 1853இல் சிறுவனாகப் பெற்றோருடன் அமெரிக்காவில் மாட்டுவண்டிக் கூட்டத்தோடு பயணம் போனவர் என்பதால் பெருந்தீ அவருக்குப் புதிதல்ல. ஆனால் வளர்ந்து சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு கிளம்பியபோது சுற்றிலும் இருந்தது பிறர் நிலம். விவசாயியிடம் அனுமதி கேட்டு வயலோரம் படுப்பவர் அவருடைய வேலி மரத்தை வெட்டி எரிக்க முடியுமா? 1901இல் அவர் முன்னின்று தொடங்கிய சைக்கிள் முகாமிகள் சங்கத்தார் எடை குறைந்த பட்டுத்துணிக் கூடாரத்தையும் சிறிய பிரைமஸையும் நாடியதற்கு இதுவே அடிப்படை. அவருடைய முகாம் கையேடு 1908இல் வந்தது. அதே ஆண்டில், அதே நாட்டில், பேடன்-பவலின் சாரணர் நூலும் வந்தது. அதன் அத்தியாயங்களுக்கே முகாம் நெருப்புக் கதைகள் என்று பெயர். முந்தைய ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் நடந்த சோதனை முகாமில் இரவுதோறும் நெருப்பைச் சுற்றி அவர் சொன்ன கதைகளின் தொடர்ச்சி அது. பின்னர் உலகெங்கும் பள்ளிப்பிள்ளைகள் கைதட்டிப் பாடிய கேம்ப்ஃபயர், நம் ஊர்ச் சாரணர் முகாம் உட்பட, அங்கிருந்து கிளை பிரிந்தது. ஆக, நாம் மரபு என்று நினைத்துக்கொண்டிருக்கும் சடங்கு, பிரைமஸ் கண்டுபிடித்துப் பதினைந்து ஆண்டு கழித்து இந்த உருவத்தைப் பெற்றது. வயதில் அடுப்புதான் மூத்தது.

இமயத்தில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. 1952இல் சுவிஸ் குழுவின் ரேமோன் லாம்பேரும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்டின் மேல்முகட்டில் அடுப்பில்லாமல் ஓர் இரவைக் கழித்தார்கள். மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கி நாக்கை நனைத்துக்கொள்ள மட்டுமே முடிந்தது. மறுநாள் உச்சியை எட்டாமல் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, உச்சியைத் தொட்ட 1953 மே 29 காலை, பிரிட்டிஷ் குழுவின் ஹில்லரி விறைத்துப்போன தன் பூட்ஸை இளக்கியதும், அவரும் டென்சிங்கும் வேண்டிய மட்டும் நீர் அருந்திக் கிளம்பியதும் ஒரு பிரைமஸின் தயவால். ஆனால் இந்தப் படத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அந்தப் பயணத்தின் மூட்டைகளைத் தூக்கிவந்த சுமார் 350 சுமையாட்கள் வழிநெடுக விறகில்தான் சமைத்தார்கள். 1963இல் அமெரிக்கக் குழுவின் சுமையாட்கள் ஏறத்தாழ 900 பேர். பின்னால் மலையேற்றச் சுற்றுலா பெருகியதும் எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பள்ளத்தாக்கின் ஜூனிபர் புதர்கள் விடுதி அடுப்புகளுக்கும் முகாம் தீக்கும் போயின. உயரத்தில் கட்டைவிரல் தடிமன் வளரவே பல ஆண்டு எடுக்கும் செடி அது. 1976இல் அங்கே சாகர்மாதா தேசியப் பூங்கா அமைந்த பிறகு வெளியிலிருந்து வரும் குழுக்கள் மண்ணெண்ணெய் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். 1986இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம் ஒருபடி மேலே போய் வழியிலேயே மண்ணெண்ணெய்க் கிடங்கு வைத்தது. காரணம் எளிது. கூடாரத்துக்குள் சீமான்களுக்கு ஸ்டவ், வெளியே சுமையாளுக்குச் சுள்ளி என்றிருக்கும்வரை காடு தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

இங்கே சில மறுப்புகள் எழும். எழ வேண்டியவைதான். நெருப்பு என்பது வெறும் வெப்பமா, அதைச் சுற்றி உட்கார்ந்த ஒற்றுமைக்கு எண்ணெய்க் கணக்கில் இடமுண்டா என்று கேட்கலாம். இடமுண்டு. லட்சக்கணக்கான ஆண்டுகளாக மனிதர் மூட்டிக்கொண்ட இரவு வெளிச்சத்தை ஒரு சீறும் பர்னர் ஈடுசெய்யாது. பம்ப் ஸ்டவ்வைச் சுற்றி யாரும் கதை சொன்னதில்லை, அதன் இரைச்சலில் கேட்கவும் கேட்காது. ஆனால் இந்த மறுப்பை முழுமனதாக ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் முடிவு, நெருப்பு ஒரு சடங்கு என்பது. கார்த்திகையில் சொக்கப்பனை கொளுத்துகிறோம், யாரும் அதில் சோறு பொங்குவதில்லை. ஊருக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒரு நாள் என்ற வரம்புக்குள் அது நிற்கிறது. முகாம் நெருப்பின் அன்பர்கள் சடங்கின் மதிப்பையும் கேட்கிறார்கள், அன்றாடச் சமையலின் சுதந்திரத்தையும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகக் கொடுக்க எந்தக் காட்டிலும் விறகு இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. அடுப்பு இங்குள்ள மரத்தைக் காக்கிறது என்றால், எங்கோ உள்ள மண்ணைத் தோண்டித்தானே? உண்மை. இதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. பிரைமஸ் போலவே மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிப்பது பெட்ரோமாக்ஸ் விளக்கு. பெர்லினின் எரிக் அண்ட் கிரெட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ் கிரெட்ஸ் பெயரைத் தாங்கியது. அதன் வெண்ணொளி தீயிலிருந்து வருவதில்லை, மேன்டில் என்ற வலைப்பையிலிருந்து வருகிறது. 1984இல் வெளிவந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணியும் செந்திலும் படுத்திய பாட்டால் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த பொருள் அது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் வகுத்த முறைப்படி, அந்தப் பையில் 99 சதவீதம் தோரியம் ஆக்சைடு, மீதி சீரியம். தோரியம் எங்கிருந்து? ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டார். கயிறு வந்த வழியைத் தேடிப் பிடித்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக்கே வந்து மணல் பிரிக்கும் ஆலை வைத்தார். முதல் உலகப் போர் வந்ததும் ஆலை அவர் கையை விட்டுப் போனது. மணல் எடுப்பது நிற்கவில்லை. இன்றும் அங்கே அரசு நிறுவனம் மணல் எடுக்கிறது, அதை எதிர்த்துக் கடலோர மக்கள் குரல் கொடுத்துக்கொண்டும் இருக்கிறார்கள். வேறெங்கோ ஒரு கூடாரத்தில் புகையில்லாமல் விளக்கெரிய, குமரிக்கரை மண் கப்பலேறியது. இப்போதைய விளக்குக்கு லித்தியம், அவ்வளவே வித்தியாசம்.

இந்த மறுப்புக்கு முழு விடை கிடையாது, பாதி விடை உண்டு. வெளியிலிருந்து எடுத்ததை எத்தனை காலம் உழைக்க வைக்கிறோம் என்பதே அது. பித்தளை பிரைமஸ் தலைமுறை தாண்டியும் ஓடும். வாஷர், நிப்பிள், பர்னர் எல்லாம் தனித்தனியே வாங்கி மாற்றலாம், ஒரு காலத்தில் ஸ்டவ் ரிப்பேர் என்று கூவிக்கொண்டு தெருவில் வந்தவரே அதற்குப் போதுமாக இருந்தார். காலியானதும் தூக்கி எறியும் கேஸ் குப்பி அப்படியல்ல. ஒட்டி மூடிய பேட்டரிப் பெட்டியும் அப்படியல்ல. 2012இல் பயோலைட் என்ற அமெரிக்க நிறுவனம் சுள்ளியை எரித்து அந்தச் சூட்டிலேயே போனுக்குச் சார்ஜ் ஏற்றும் ஓர் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரு கட்சிக்கும் திருமணம் செய்துவைத்த சாமர்த்தியம்தான். ஆனால் சுள்ளி பொறுக்கக் கூடாத இடத்தில் அது என்ன செய்யும் என்று தெரியவில்லை. பம்ப் ஸ்டவ்வையும் புனிதமாக்கிவிட வேண்டாம். ஸ்டவ் வெடித்துப் பெண் பலி என்று நாளிதழ்கள் வாடிக்கையாக எழுதிய காலம் இருந்தது. அவற்றுள் விபத்துகளும் உண்டு, ஸ்டவ்வின் தலையில் பழிபோடப்பட்ட வரதட்சணைக் கொலைகளும் உண்டு.

கடைசியாக, காட்டில் வாழ்பவர் மூட்டும் தீயையும் சேர்த்துத் தடுப்பது என்ன நியாயம் என்ற கேள்வி. 1882இன் சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டுக்கு ஆபத்தாகத் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியபோது, மரே போன்றோரின் கூட்டம் இங்கே வந்திருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் அடி விழுந்தது பழங்குடியினர் மேலும் மேய்ப்பர் மேலும். அவர்கள் தீ சிறியது, தேவைக்கானது, அந்த நிலத்தின் காய்ச்சலும் காற்றும் அறிந்தது. வார இறுதிக்கு வருபவரின் தீக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது. எனவே இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு. வந்துபோகிறவர், வாழ்கிறவரின் உரிமையைக் காட்டித் தனக்கும் அனுமதி கேட்பது அதைவிடத் தவறு. மார்ச், ஏப்ரலில் மேற்குத்தொடர்ச்சி மலையின் புல் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. அங்கே போகிறவர், பழுது பார்க்கக்கூடிய ஓர் அடுப்பும் ஒரு விளக்கும் எடுத்துக்கொண்டு, அவற்றையும் வனத்துறை அனுமதிக்கும் இடத்தில் மட்டும் பற்றவைத்தால் போதும். கதை பேச நெருப்பு வேண்டுமென்றால் தன் சொந்த நிலத்தில், விலை கொடுத்து வாங்கிய விறகில் மூட்டிக்கொள்ளட்டும். அந்த விறகின் விலை என்னவென்று அப்போது தெரிந்துவிடும்.